கேள்வி கேட்கச் சொல்லும் புத்தகங்கள்: போபாலில் ஒரு சிறு பிரசுராலயம்

(நமது போபால் நிருபர்)

ஜி.டி. எக்ஸ்பிரஸிலோ தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலோ டில்லிக்குப் போய் வருகிற தமிழர்களுக்குப் போபால் என்பது வண்டி சிறிது நேரம் நிற்கும் ஒரு ஜங்ஷன். இங்கேயே குடியிருக்கும் நம்மவர்களுக்கு அது 'பெல்' தொழிற்சாலை. 1956-ல் ஹெவி எலெக்ட்ரிகல்ஸ் என்ற பெயரில் அது ஏற்பட்ட காலந்தொட்டுப் பிப்லானி, கோவிந்தபுரா பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் இருந்து வருகின்றன. வெளி உலகத்துக்கோ போபால் என்றால் 1984 டிசம்பர் மாதத்து விஷவாயு.

குழந்தைப் புத்தகங்களோடு சம்பந்தப்பட்டவர்களைக் கேட்டால் வேறு பதில் சொல்வார்கள். ஹிந்தியில் குழந்தைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் வருகிற நல்ல புத்தகங்களில் கணிசமான பகுதி இந்த ஊரிலிருந்துதான் போகிறது. அந்தப் பெயரை ஊருக்குத் தேடித் தந்தது 'ஏகலவ்யா' என்ற ஒரு ஸ்தாபனம். 1982-ல் தொடங்கியது. பெரிய கம்பெனி அல்ல. லாபத்துக்காக நடப்பதும் அல்ல. கல்வித் துறையில் பரிசோதனைகள் செய்வது அதன் பிரதான வேலை. புத்தகம் போடுவது அந்த வேலையிலிருந்து கிளைத்து வளர்ந்தது.

நான் ரயில்வேயில் பார்சல் பகுதிக் குமாஸ்தா. பள்ளிக்கூடம் திறக்கும் சமயத்தில் எங்கள் தராசில் ஏறி இறங்கும் புத்தகக் கட்டுகளில் பத்துக்கு ஒன்பது 'கைடு' புத்தகம். வினா, விடை, முக்கியமான வினா, மிக முக்கியமான வினா. இத்தகைய கட்டுகள் மலையாகக் குவியும் ஊரிலேயே விடையை அச்சடிக்காத பாடப் புத்தகம் ஒன்று முப்பது வருஷம் பள்ளிகளில் நடமாடியது என்றால் வாசகர்கள் நம்புவது சிரமம். ஏகலவ்யாவின் கதை அந்தப் புத்தகத்தில்தான் ஆரம்பிக்கிறது.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. மகாபாரதத்து ஏகலைவன் துரோணரிடம் இடம் கிடைக்காமல், தானாகவே வில் வித்தை கற்றுக்கொண்ட வேடர் குலப் பையன். கற்றுக்கொண்ட பிறகு குரு வந்து கட்டை விரலைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பெயர் வைத்தவர்கள் முதல் பாதியை நினைத்து வைத்திருப்பார்கள். இரண்டாம் பாதியும் ஒருவிதத்தில் நடந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

நர்மதைக் கரையில்

போபாலிலிருந்து தெற்கே இடார்சி போகும் மார்க்கத்தில், நர்மதைப் பாலத்தைத் தாண்டியதும் வரும் ஊர் ஹோஷங்காபாத். 2022 முதல் அதற்கு நர்மதாபுரம் என்று பெயர். பாலத்தின் மீது வண்டி போகையில் பயணிகள் ஜன்னல் வழியாகக் காசு போட்டுக் கும்பிடுவதை நம்மவர்களும் பார்த்திருப்பார்கள், போட்டும் இருப்பார்கள். ரூபாய் நோட்டுக்கான காகிதம் தயாராகும் சர்க்கார் ஆலையும் அந்த ஊரில்தான் இருக்கிறது. நோட்டுக் காகிதத்துக்குப் பேர் போன ஊரிலிருந்து பாடப் புத்தகத்துக்கும் ஒரு பேர் வந்தது.

1972-ல் அந்த ஜில்லாவின் 16 நடுநிலைப் பள்ளிகளில் விஞ்ஞான பாடத்தைப் புதிய முறையில் கற்பிக்க ஏற்பாடாயிற்று. செய்தவை இரண்டு ஸ்தாபனங்கள். ஒன்று ரசூலியாவில் குவேக்கர்கள் நடத்திய 'பிரெண்ட்ஸ் ரூரல் சென்டர்'. மற்றது பன்கேடி வட்டாரத்துக் 'கிஷோர் பாரதி'. பம்பாய் டாடா ஆராய்ச்சிக் கழகத்தில் விஞ்ஞானியாக இருந்த அனில் சத்கோபால் அந்த வேலையை விட்டுவிட்டு வந்து கிராமத்தில் ஆரம்பித்தது. மத்தியப் பிரதேச சர்க்கார் அனுமதி கொடுத்தது. டாடா கழகத்திலிருந்தும் டில்லி சர்வகலாசாலையிலிருந்தும் விஞ்ஞானிகளும் பேராசிரியர்களும் வந்து கிராமத்து வாத்தியார்களோடு தரையில் உட்கார்ந்து வேலை செய்தார்கள். பின்னாளில் நாடு முழுவதும் பெயர் பெற்ற பேராசிரியர் யஷ்பாலும் இதற்குத் துணை நின்றவர்.

முறை இதுதான். ஆறாவது முதல் எட்டாவது வரை படிக்கும் பிள்ளைகள் நாலு நாலு பேராக உட்கார்ந்து பரிசோதனை செய்ய வேண்டும். விதையை ஊறவைத்துப் பிளந்து பார்க்க வேண்டும். வயலுக்குப் போய் இலை பொறுக்கி வர வேண்டும். காந்தத்தை நூலில் தொங்கவிட வேண்டும். நாணயத்தைப் பல தடவை சுண்டிப் போட்டுத் தலை எத்தனை, பூ எத்தனை என்று கணக்கெடுக்க வேண்டும். நிகழ்தகவு என்று நாம் கல்லூரியில் பயந்த விஷயம் அந்தப் பிள்ளைகளுக்குச் சுண்டி விளையாட்டாக வந்தது. புத்தகத்தின் பெயர் 'பால் வைக்ஞானிக்', அதாவது 'குழந்தை விஞ்ஞானி'. அதில் இன்னது செய், என்ன பார்த்தாய், ஏன் அப்படி என்றே வரும். முடிவு இன்னது என்று அச்சில் இராது. அதைப் பையன் தன் நோட்டில் எழுத வேண்டும்.

பரீட்சையில் புத்தகத்தையும் நோட்டையும் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம். விடைதான் புத்தகத்தில் இல்லையே, பார்த்து என்ன எழுதுவது! செய்முறைப் பரீட்சையும் உண்டு.

1978-ல் ஜில்லாவின் நடுநிலைப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் இது பரவியது. இந்த வேலையை இன்னும் விஸ்தரிக்கவும், மற்ற பாடங்களுக்குக் கொண்டு போகவும் தோன்றியதே ஏகலவ்யா.

ஆசிரியரைத் திருத்தும் வாசகர்

புத்தக உலகத்தில் 'எழுத்தாளர் சந்திப்பு' என்றால் நமக்குத் தெரிந்தது மேடை, மாலை, பொன்னாடை, தலைமையுரை, முன்னிலை, நன்றியுரை. எழுதியவர் பேசுவார், வாசகர் கை தட்டுவார், வெளியே மேஜையில் பத்து சதவிகிதக் கழிவில் புத்தகம் கிடைக்கும். நம் ஊர்த் தமிழ்ச் சங்கக் கூட்டங்கள் மட்டும் இதற்கு விலக்கா என்ன?

ஹோஷங்காபாத்தில் நடந்தது இதற்குத் தலைகீழ். பாடம் நடத்திய ஆசிரியர்கள் மாதம் ஒரு முறை அந்தந்த வட்டாரத்தில் கூடுவார்கள். எந்தப் பரிசோதனை வகுப்பில் சரியாக வரவில்லை, எந்த வாக்கியம் பிள்ளைகளுக்குப் புரியவில்லை, எந்தக் கேள்விக்குத் தங்களுக்கே விடை தெரியவில்லை என்று சொல்வார்கள். எழுதியவர்கள், பெரிய பட்டம் பெற்றவர்களானாலும், கேட்டுக்கொண்டு போய்ப் பாடத்தைத் திருத்தினார்கள். 'பால் வைக்ஞானிக்' இப்படித்தான் பதிப்புக்குப் பதிப்பு மாறி வந்தது. ஐந்நூறு வீட்டுச் சந்தை ஊரில் வேலை பார்க்கும் வாத்தியார் சொல்லி, டில்லிப் பேராசிரியர் எழுதியதை மாற்றுவது என்பது நம் நாட்டில் அன்றாடம் நடக்கிற காரியம் அல்ல. ஆபீசில் மேலதிகாரி எழுதிய நோட்டில் ஒரு கால்புள்ளியை மாற்றச் சொல்லிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

பிள்ளைகளும் எழுதினார்கள். அதற்காகவே ஏற்படுத்தியவர் 'சவாலிராம்'. சவால் என்றால் ஹிந்தியில் கேள்வி; கேள்விராமன் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படி ஒரு ஆள் கிடையாது, கற்பனைப் பெயர். பாடத்தில் எழும் சந்தேகம், பாடத்துக்குச் சம்பந்தமில்லாத சந்தேகம் எதுவானாலும் அவருக்குக் கடிதம் போடலாம் என்று புத்தகத்திலேயே அழைப்பு இருந்தது. கடிதம் வந்தது, பதிலும் போயிற்று.

இடார்சியில் பிறந்து வளர்ந்த தமிழர் ஒருவர் எங்களோடு வேலை பார்க்கிறார். தகப்பனார் அங்கே பாயிண்ட்ஸ்மேன். சர்க்கார் நடுநிலைப் பள்ளியில் இந்தப் புத்தகத்தைத்தான் படித்தார். ஏழாவது படிக்கும்போது சவாலிராமுக்கு ஒரு போஸ்ட் கார்டு போட்டாராம். "வண்டி ஊதிக்கொண்டு கிட்டே வரும்போது ஒரு சுரம், தாண்டிப் போனதும் இறங்கிய சுரம், ஏன்?" இது அவர் கேள்வி. ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் பையனுக்கு இதைவிடச் சொந்தமான கேள்வி இருக்க முடியாது. பதில் கையெழுத்தில் வந்தது என்கிறார். என்ன எழுதியிருந்தது என்று கேட்டேன்.

"பாதி புரிஞ்சது சார், பாதி புரியலே. ஆனா என் பேருக்கு வந்த முதல் தபால் அதுதான். அப்பா தபால்காரருக்கு டீ வாங்கிக் கொடுத்தார்."

தீக்குச்சியும் சைக்கிள் வால்வு ரப்பரும்

இந்த முயற்சியிலிருந்து வெளிவந்தவர்களில் நம் வாசகர்கள் பெயரளவிலாவது அறிந்திருக்கக் கூடியவர் அரவிந்த் குப்தா. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த இஞ்சினீயர், டெல்கோவில் வேலை. 1978-ல் லீவு எடுத்துக்கொண்டு ஹோஷங்காபாத்துக்கு வந்தார். வாரச் சந்தையில் கிடைக்கும் மலிவு சாமான்களைப் பார்த்துக்கொண்டே போனவருக்குச் சைக்கிள் வால்வு ரப்பர் கண்ணில் பட்டது. அதைத் துண்டு துண்டாக வெட்டி இரு முனையிலும் தீக்குச்சியைச் செருகினால் மூட்டு மாதிரி வளைகிறது. முக்கோணம், சதுரம், கனசதுரம், கூடாரம் எல்லாம் அதில் செய்யலாம். முக்கோணம் மட்டும் அசையாமல் நிற்கும், சதுரம் சாய்ந்துவிடும். பாலத்து இரும்புச் சட்டங்களில் ஏன் இவ்வளவு முக்கோணம் என்பது பத்து வயதுப் பையனுக்கு அத்துடன் தெரிந்துவிடும்.

இதை வைத்து அவர் எழுதிய தீக்குச்சி மாதிரிகள் பற்றிய புத்தகம் 1987-ல் வந்தது. 12 இந்திய மொழிகளுக்குப் போயிற்று. ஏகலவ்யாவுக்காக அவர் செய்தவற்றில் ஹிந்தியில் பிரசித்தமானது 'கபாட் சே ஜுகாட்'. பழைய சாமான் கடைச் சரக்கைக் கொண்டு ஒப்பேற்றுவது என்று பொருள். 2018-ல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. இவர் கூட்டங்களில் பேச்சு கொஞ்சம். பழைய செய்தித்தாளை மடித்துத் தொப்பி, உறிஞ்சு குழலை வெட்டிப் புல்லாங்குழல் என்று கை வேலைதான் அதிகம். கூட்டம் முடிந்து போகிற குழந்தைகள் கையில் ஏதாவது ஒன்று இருக்கும். அது புத்தகமாக இருக்க வேண்டும் என்று அவர் கட்டாயப்படுத்துவதில்லை. எழுதியவற்றையெல்லாம் எவரும் இலவசமாக எடுத்துப் படிக்கலாம் என்று விட்டுவிட்டவர்.

குழந்தைகளுக்காக இங்கே நடக்கும் விழாவுக்கு 'பால் மேளா' என்று பெயர். புதிதாக மாற்றலாகி வந்த நம் நண்பர் ஒருவர் ஆவின் மாதிரி ஏதோ பால் பண்ணைக் கண்காட்சி என்று நினைத்துத் தூக்குப் பாத்திரத்தோடு கிளம்பிவிட்டார். ஹிந்தியில் 'பால்' என்றால் பாலர். அங்கே காகிதம் மடிப்பது, களிமண் பிசைவது, கதை கேட்பது, கதை சொல்வது எல்லாம் உண்டு.

சிக்கிமுக்கிக் கல்

1985 ஜூலையில் ஏகலவ்யா ஒரு மாதப் பத்திரிகை ஆரம்பித்தது. பெயர் 'சக்மக்': சிக்கிமுக்கிக் கல். விஷவாயு பரவி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. ஊரில் பாதிப் பேர் ஆஸ்பத்திரி வாசலில் நின்ற காலத்தில் குழந்தைகளுக்கு விஞ்ஞானப் பத்திரிகை போடத் துணிந்தார்கள். விஞ்ஞானத்தின் பேரில் ஜனங்களுக்கு வெறுப்பும் சந்தேகமும் வந்திருந்த ஊரில் அது அவசியமாகவும் இருந்திருக்கும். பத்திரிகை இன்றும் வருகிறது. குழந்தைகளே எழுதியதற்கும் வரைந்ததற்கும் அதில் தனிப் பக்கங்கள் உண்டு. எழுத்துப் பிழையைத் திருத்தினாலும் பேச்சு நடையைத் திருத்துவதில்லை என்பது படித்தால் தெரிகிறது. மாளவத்துப் பையன் மாளவத்துப் பேச்சில்தான் எழுதியிருக்கிறான்.

தமிழிலும் இதற்கு ஒரு தம்பி உண்டு. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' 1987-ல் பிறந்தது. அதே வருஷம் நாட்டின் ஐந்து பகுதிகளிலிருந்து 'பாரத ஜன விஞ்ஞான ஜாதா' என்ற பெயரில் கலைக் குழுக்கள் ஊர் ஊராகப் பாட்டும் நாடகமுமாக வந்து, நவம்பர் 7-ந் தேதி போபாலில் ஒன்று கூடின. அது சர் சி.வி. ராமன் பிறந்த நாள். திருச்சியில் பிறந்தவரின் பிறந்த நாளுக்கு இந்த ஊரில் அவ்வளவு பெரிய கூட்டம் கூடிற்று. 'பெல்' குடியிருப்பில் அந்த நாளை நினைவு வைத்திருக்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஆசிரியர்களுக்காக 'சந்தர்ப்' என்ற பத்திரிகை 1994 முதல் வருகிறது. குழந்தைப் பத்திரிகைகள் போபாலில் இப்போது பெருகிவிட்டன. 'இக்தாரா' என்ற மற்றொரு ஸ்தாபனம் 'சைக்கிள்', 'ப்ளூட்டோ' என இரண்டு பத்திரிகைகளை இங்கிருந்து போடுகிறது.

கட்டை விரல்

2002-ல் மத்தியப் பிரதேச சர்க்கார் ஹோஷங்காபாத் விஞ்ஞானத் திட்டத்தை நிறுத்தியது. அப்போது அது 15 ஜில்லாக்களில் ஏறக்குறைய ஆயிரம் பள்ளிகளில் நடந்துகொண்டிருந்தது. சமூக பாடத்துக்கு ஏகலவ்யா தயாரித்த புத்தகங்களும் அத்தோடு பள்ளியை விட்டு வெளியேறின. அதற்குமுன் ஜில்லா அளவிலேயே புகார் எழுந்திருந்தது: இந்தப் புத்தகத்தைப் படிக்கும் பிள்ளைகள் பெரிய வகுப்புக்குப் போனால் பின்தங்குகிறார்கள், மற்ற ஜில்லாப் பிள்ளைகளோடு போட்டி போட முடியவில்லை, மாநிலம் முழுவதும் ஒரே பாடப் புத்தகம் இருக்க வேண்டும். நாடெங்கும் விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் ஆட்சேபித்தார்கள். பயன் இல்லை.

புகார் சொன்னவர்களை மூடர்கள் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. மெட்ரிகுலேஷனோடு நின்றவன் நான். ஒரு மார்க்கு, இரண்டு மார்க்கில் வேலை கிடைப்பதும் தவறுவதும் என்ன என்று எங்களுக்குத் தெரியும். வண்டி ஏறி இவ்வளவு தூரம் வந்தவன் பிள்ளையை வைத்துப் பரிசோதனை செய்யத் துணிய மாட்டான். விதை ஏன் முளைத்தது என்று பையன் யோசித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்து ஜில்லாப் பையன் நாற்பது விடையை மனப்பாடம் செய்து முன்னே போய்விட்டால் நஷ்டம் யாருக்கு? இந்தப் பயம் நியாயமானது. ஆனால் பயத்துக்கு வைத்தியம் பெரிய வகுப்புப் பரீட்சையை மாற்றுவதாக இருந்திருக்க வேண்டும். அது பெரிய காரியம். சின்ன வகுப்புப் புத்தகத்தை எடுப்பது சுலபம். சுலபமானதைச் செய்தார்கள்.

புத்தகம் போனாலும் அதன் வாசனை போகவில்லை. யஷ்பால் தலைமையில் 2005-ல் உருவான தேசியப் பாடத்திட்ட வரையறையிலும், அதையொட்டி என்.சி.இ.ஆர்.டி. போட்ட புத்தகங்களிலும் ஹோஷங்காபாத் அனுபவம் இருந்தது. நம் பிள்ளைகள் மத்திய அரசுப் பாடத்திட்டப் பள்ளிகளில் அவற்றைப் படித்திருக்கிறார்கள், எங்கிருந்து வந்தது என்று தெரியாமலே.

இன்று

பள்ளிக்குள் பாடப் புத்தகம் போக வழி அடைபட்ட பிறகு ஏகலவ்யாவுக்குப் பிரசுர வேலை இன்னும் முக்கியமாயிற்று. விற்பனைப் பகுதிக்கு 'பிடாரா' என்று பெயர். ஹிந்தியில் பாம்பாட்டியின் கூடைக்கு அந்தப் பெயர். நம் தமிழில் பாம்பாட்டியைப் பிடாரன் என்கிறோமே, சொந்தம் இருக்கிறதோ என்னவோ. மூடியைத் திறந்தால் என்ன வரும் என்று தெரியாத கூடை, புத்தகக் கடைக்குப் பொருத்தமான பெயர்தான்.

சின்னக் குழந்தைகளுக்கான படக் கதைகளிலிருந்து, ஜான் ஹோல்ட் எழுதிய கல்விப் புத்தகங்களின் ஹிந்தி மொழிபெயர்ப்புவரை பட்டியல் நீள்கிறது. இங்கிலாந்தில் ஏ.எஸ். நீல் நடத்திய 'சம்மர்ஹில்' பள்ளியைப் பற்றிய புத்தகமும் இவர்கள் மூலம் ஹிந்திக்கு வந்தது. கோண்டி, கோர்க்கு போன்ற மலைவாழ் மக்களின் மொழிகளிலும் குழந்தைப் புத்தகம் போட்டிருக்கிறார்கள். அந்த மொழிகளில் புத்தகம் அச்சிட்டால் வாங்க ஆள் சொற்பம் என்று எந்த வியாபாரிக்கும் தெரியும்.

நான் வாங்கியதில் எங்கள் வீட்டில் அதிகம் கிழிந்தது 'சூஹே கோ மிலீ பென்சில்', சுண்டெலிக்குக் கிடைத்த பென்சில். ருஷ்ய எழுத்தாளர் சுத்தேயெவின் கதை. எலி பென்சிலைக் கடிக்க வருகிறது. கடைசியாக ஒரே ஒரு படம் வரைந்துகொள்கிறேன் என்று பென்சில் கெஞ்சுகிறது. வரைந்து முடிக்கும்போது அது பூனையாக நிற்கிறது. எலி ஓட்டம். நியூ செஞ்சுரி புத்தக வண்டியில் ருஷ்யப் படப் புத்தகத்தை மலிவு விலையில் வாங்கிப் பார்த்து வளர்ந்த தமிழர்களுக்கு அந்தப் படங்களைக் கண்டால் தங்கள் பள்ளி நாள் ஞாபகம் வரும்.

இந்த ஊரில் குழந்தை எழுத்தாளர்களும் ஓவியர்களும் வாசகர்களைச் சந்திக்கும் கூட்டங்களுக்கு நிருபர் என்ற முறையில் சிலவற்றுக்குப் போயிருக்கிறேன். செய்தி எழுதுவது கஷ்டம். தலைமை வகித்தவர், முன்னிலை வகித்தவர் என்று எழுத ஆள் இராது. ஒருவர் கதையைப் படிப்பார். குழந்தைகள் இடையிலேயே குறுக்கிடுவார்கள். ஒரு கூட்டத்தில், கரடியின் கதையை வாசித்து முடித்தவரைப் பார்த்து ஒரு சிறுமி, "இதிலே கரடியின் அம்மா எங்கே?" என்று கேட்டாள். அவர் வெகு நேரம் யோசித்துவிட்டு, "அதை நான் நினைக்கவில்லை" என்றார். பெரியவர்கள் கூட்டத்தில் எந்த எழுத்தாளர் வாயிலிருந்தும் அந்த வாக்கியத்தை நான் கேட்டதில்லை.

ஒரு முறை 'பெல்' தொழிற்சாலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்ற தஞ்சாவூர்ப் பெரியவர் ஒருவரையும் கூட அழைத்துப் போனேன். பேரனோடு வந்தார். மேஜையில் இருந்த புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பின்னட்டையில் விலையைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்:

"தம்பி, விலை பரவாயில்லே. ஆனா இதிலே மார்க்கு வருமா?"

"வராதுங்க ஐயா."

"அப்போ எதுக்கு?"

நான் பதில் சொல்லவில்லை. பேரன் அதற்குள் தரையில் உட்கார்ந்து ஒரு படக் கதையைத் திறந்துவிட்டான். ஹிந்தியில் அவன் படிக்க, பெரியவர் படத்தைப் பார்த்து இது என்ன, அது என்ன என்று தமிழில் கேட்க, அவன் பாதித் தமிழில் பதில் சொல்ல, கால் மணி நேரம் ஓடியது. வீட்டில் அவர்கள் இருவரும் அவ்வளவு நேரம் பேசி எத்தனை நாள் ஆயிற்றோ தெரியாது. ஹிந்தி மீடியத்தில் படிக்கும் பேரனுக்கும் ஹிந்தி எழுத்து தெரியாத தாத்தாவுக்கும் நடுவே பாடப் புத்தகம் சுவர்தான். படம் போட்ட கதைப் புத்தகம் அவ்வளவு மோசமில்லை. இரண்டு புத்தகம் வாங்கிக்கொண்டார். மூன்றாவதைப் பேரன் கேட்டான். அடுத்த மாதம் என்று சொல்லிவிட்டார்.

வெளி மாநிலத் தமிழ்ச் சங்கங்களில் நூலகம் இருக்கிறது. ஆண்டு விழா மலரும் தொடர்கதை பைண்டுகளும் அலமாரியில் பூட்டிக் கிடக்கின்றன. பிள்ளைகள் அந்தப் பக்கம் வருவதில்லை; வந்தாலும் அவர்கள் வாசிக்க ஒன்றும் இல்லை. தமிழ்ப் படக் கதைகளோடு, அவர்களுக்கு எழுத்துத் தெரிந்த மொழியின் நல்ல புத்தகங்களையும் ஒரு தட்டில் வைத்தால் என்ன? தமிழ் கெட்டுவிடும் என்று சிலர் சொல்வார்கள். நூலகத்துக்கே வராத பையனிடம் கெடுவதற்கு என்ன தமிழ் இருக்கிறது?

தபாலில் வரவழைக்க

சிறு பிரசுராலயங்களுக்கு அச்சுக் கூலியைவிடப் பெரிய தலைவலி புத்தகத்தை ஊர் கொண்டு சேர்ப்பது. தபால் இலாகாவின் பதிவுப் புத்தகத் தபால்தான் வெகு காலம் கை கொடுத்தது. 2024 டிசம்பரில் அதை நிறுத்திவிட்டார்கள். திடீரென்று வந்த உத்தரவு. குறைந்த விலைப் புத்தகத்துக்கு விலையை ஒட்டிய தபால் செலவு என்ற நிலை ஏற்பட்டது. நாற்பது ரூபாய்ப் படக் கதையை நாற்பது ரூபாய்க்கு மேல் கொடுத்து அனுப்ப யார் துணிவார்கள்?

பிறகு 2025 மே முதல் தேதியிலிருந்து 'ஞான் போஸ்ட்' என்ற புதிய சேவை வந்திருக்கிறது. பாடப் புத்தகம், கல்வி, பண்பாடு, சமயம் சம்பந்தமான புத்தகங்களை இதில் அனுப்பலாம். ஆரம்பத்தில் அறிவித்த கட்டணம் 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. விமானத்தில் போகாது, தரை மார்க்கம்தான், ஆகையால் தாமதமாகும். விளம்பரம் அடங்கிய வெளியீடுகளை ஏற்க மாட்டார்கள். புத்தகத்தில் பிரசுரித்தவர் அல்லது அச்சிட்டவர் பெயர் இருக்க வேண்டும். தனியாக ஒரு புத்தகம் வரவழைப்பதைவிட, ஒரே குடியிருப்பில் இருப்பவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஐந்து கிலோவுக்குள் ஒரு கட்டாக வரவழைத்தால் புத்தகம் ஒன்றுக்குச் செலவு மிகவும் குறையும்.

ஏகலவ்யா புத்தகங்கள் பலவற்றை, லாப நோக்கமின்றிக் கல்விக்காக எடுத்துப் பயன்படுத்தலாம், மூலத்தைக் குறிப்பிட்டால் போதும் என்று அவற்றிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். சங்கங்களில் சிறுவர் பகுதி நடத்துகிறவர்கள் இதைக் கவனிக்கலாம். புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்க விரும்புகிறவர்களுக்கு டில்லி உலகப் புத்தகக் கண்காட்சி இருக்கிறது. நேஷனல் புக் டிரஸ்ட் 1972-ல் ஆரம்பித்தது. முன்பு இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை நடந்தது, 2013 முதல் வருஷந்தோறும் நடக்கிறது. அங்கே பெரிய கம்பெனிகளின் வெளிச்சத்தைத் தாண்டி, குழந்தைப் புத்தகப் பகுதியில் ஹிந்திப் பலகைகளைத் தேட வேண்டும். போபால் வழியாக ஊருக்குப் போகிறவர்கள் இங்கே ஒரு நாள் இறங்கினால், 'பிடாரா' ஜாட்கேடிப் பக்கம் இருக்கிறது. ராணி கமலாபதி ஸ்டேஷனில் இறங்குவது சௌகரியம். பழைய ஹபீப்கஞ்ச் ஸ்டேஷனுக்கு 2021-லிருந்து அந்தப் பெயர்.